வார்சா யூத அநாதை இல்லத்தில் பிள்ளைகள் நடத்திய நீதிமன்றம்

கேள்வி:
போலந்தின் வார்சாவில் மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக் நடத்திய யூத அநாதை இல்லத்தைப் பற்றி எங்கே படித்தாலும், 1942 ஆகஸ்டில் அவரும் பிள்ளைகளும் நாஜிகளின் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அந்த ஒரு நாளே பேசப்படுகிறது. அதற்கு முந்தைய 30 ஆண்டுகள் அங்கே வளர்ந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? பிள்ளைகளே நீதிமன்றம் நடத்தினார்கள் என்கிறார்களே, அதற்கு உண்மையில் ஏதேனும் அதிகாரம் இருந்ததா?

மறுமொழி 1:
இருந்தது. 1912இல் க்ரோஹ்மல்னா தெரு 92ஆம் எண் கட்டடத்தில் தொடங்கிய அந்த இல்லத்தில், 7 முதல் 14 வயது வரையிலான சுமார் 100 பிள்ளைகள் இருந்தார்கள். அந்த வாரத்தில் தம்மீது வழக்கு ஏதும் இல்லாத பிள்ளைகளிலிருந்து சீட்டுக் குலுக்கி நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். சட்டத்தொகுப்பின் முதல் 99 பிரிவுகள் மன்னிப்பதற்கோ வழக்கைக் கைவிடுவதற்கோ வழி சொல்பவை. 100ஆம் பிரிவில்தான், மன்னிப்பு வழங்காமல், ‘சாட்டப்பட்ட செயலைச் செய்தான்’ என்ற தீர்ப்பே வரும். 1000ஆம் பிரிவு இல்லத்திலிருந்து வெளியேற்றுவது. பெரியவர்களுக்கும் விலக்கில்லை. ஒரு பையனின் காதில் அறைந்ததற்காகவும், ஒரு சிறுமியைத் திருட்டுச் சந்தேகத்தில் பேசியதற்காகவும், கோர்ச்சாக் தம்மீதே வழக்குத் தொடுத்துத் தீர்ப்பை ஏற்றிருக்கிறார்.

மறுமொழி 2:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் கோர்ச்சாக்குடன் சேர்ந்து இல்லத்தை நடத்திய ஸ்தெஃபானியா வில்சின்ஸ்காவை விட்டுவிட்டு இதைப் பேசுவது நியாயமாகாது. முதல் உலகப் போரில் கோர்ச்சாக் ராணுவ மருத்துவராகப் போயிருந்த ஆண்டுகளில் இல்லத்தைத் தாங்கி நடத்தியவர் அவரே. புதிதாக வரும் பிள்ளைக்கு மூத்த பிள்ளை ஒன்றைத் துணையாக நியமிப்பது, வீட்டு வேலைகளை முறைவைத்துப் பகிர்வது போன்ற அன்றாட ஒழுங்குகளெல்லாம் இல்லாமல் அந்த நீதிமன்றம் நின்றிருக்காது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: 14 வயதில் பிள்ளைகள் வெளியேற வேண்டியிருந்தது. வேலையும் கிடைக்காமல், யூத வெறுப்பும் பெருகிவந்த நகரத்தில், தங்கள் வழக்கைக் கேட்கும் மன்றம் எதுவும் இல்லாத உலகுக்குள் அவர்கள் நுழைந்தார்கள். அந்த இல்லத்தைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இந்த இடத்தை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

மறுமொழி 3:
நம் நாட்டோடு ஒரு தொடர்பும் உண்டு. 1940இல் யூதர்களை மதிலுக்குள் அடைத்த கெட்டோவுக்குள் இல்லம் மாற்றப்பட்டது. அங்கே 1942 ஜூலை 18ஆம் தேதி பிள்ளைகள் நடித்தது தாகூரின் ‘அஞ்சல் நிலையம்’ நாடகம். வெளியே போகக் கூடாதென்று மருத்துவர் தடுத்த சிறுவன் அமல், சன்னலருகே அமர்ந்து தெருவில் போவோரிடம் பேசும் கதை அது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அமலைப் பள்ளிப் பாடமாகப் படித்தவன் நான். அவனை அந்த மதிலுக்குள் ஒரு வார்சாச் சிறுவன் நடித்திருக்கிறான் என்பது இன்றுதான் தெரிந்தது.