டேங்க் ஸ்டாண்டுக்கு நிலநடுக்கக் கணக்கில் ஆங்கர் போல்ட்

கொழிஞ்சாம்பாறை, வடிவமைப்பு:
இந்திய நிலநடுக்க நெறியான ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்புப்படி கேரளம் முழுக்க மூன்றாம் நிலநடுக்க மண்டலம், கோவையும் அதுதான். 1900 பிப்ரவரியில் கோவை ஆடியதை யாரும் நினைப்பதில்லை. மொட்டை மாடி ஸ்டாண்டை வெல்டர் கையில் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பதிப்பில் இந்த மண்டலத்துக்கான காரணி 0.16. உடையாமல் வளைந்து கொடுக்கும் (டக்டைல்) சட்டகக் கட்டடத்துக்குக் கிடைமட்டக் கெழு, அதாவது எடையில் எத்தனை பங்கு பக்கவாட்டில் தள்ளும் என்பது, 0.04 வரும். கூரைக்கு மேல் நிற்கும் டேங்குக்கு அதில் ஐந்து மடங்கு, 0.20.

2000 லிட்டர் என்றால் 20 கிலோ நியூட்டன். பக்கவாட்டு விசை அதில் 0.20 பங்கு, 4 கிலோ நியூட்டன். ஈர்ப்பு மையம் தளத்திலிருந்து 2.5 மீட்டர், கால்கள் ஒரு மீட்டர் சதுரம். விசை ஒரு பக்கத்துக்கு நேராக வந்தால், நிலநடுக்கத்தை 1.5-ஆலும் எடையை 0.9-ஆலும் பெருக்கிப் பார்த்தால், கால் ஒன்றுக்கு 3 கிலோ நியூட்டன் இழுவைதான். மூலைவிட்டத்தில் பாருங்கள்: ஒரே கால் 6.1 வாங்கும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

வாளையார், ஆலோசகர்:
சரிதான் சார். அந்த 6.1-ஐ, காலைக் கான்கிரீட்டோடு பிடிக்கும் 12 மி.மீ. ஆங்கர் போல்ட் ஒன்று தாங்குமா? அமெரிக்கக் கான்கிரீட் நெறியான ஏ.சி.ஐ. 318 படி, விரிசல் விட்ட எம்20 தரக் கான்கிரீட்டில் 70 மி.மீ. ஆழத்துக்குக் கூம்பு உடைப்பு வலிமை, அதாவது போல்ட் கான்கிரீட்டைக் கூம்பாகப் பெயர்த்துக்கொண்டு வரும் விசை, 16.4 கிலோ நியூட்டன். பாதுகாப்புக்கான 0.65-ஆலும், நிலநடுக்கத்துக்கான 0.75-ஆலும் பெருக்கினால் 8. விளிம்பிலிருந்து 60 மி.மீ.யில் துளைத்தால் 5.5-க்கு இறங்கிவிடும், போச்சு. குறைந்தது 105 மி.மீ. தள்ளுங்கள். விரிசலில் சோதித்த ஆங்கர்தானா என்று சான்றிதழில் பாருங்கள்: நிலநடுக்கத் தகுதியில் சி1 வகை 0.5 மி.மீ., சி2 வகை 0.8 மி.மீ. விரிசல் வரை சோதித்தது. கடையில் தரும் சாதா ஃபாஸ்டனருக்கு இது எதுவும் கிடையாது.

கோவிந்தாபுரம், சைட்:
துளை ஆழத்தை மாடியில் பதித்த தட்டோட்டின் மேலிருந்து அளக்காதீங்க. அதன் அடியில் செங்கல் ஜல்லி சுண்ணாம்புப் பூச்சு எழுபத்தைந்து, நூறு மி.மீ. இருக்கும், போல்ட் கான்கிரீட்டைத் தொட்டே இருக்காது. அந்த இடத்தில் பூச்சை வெட்டி எடுத்துவிட்டு, கான்கிரீட் மேலேயே காலின் அடித்தகட்டை (பேஸ் பிளேட்) உட்கார வையுங்க. அப்புறம் சுற்றிலும் நீர்க்காப்பு. பசை ஊற்றி ஒட்டும் கெமிக்கல் ஆங்கர் என்றால் துளையை ஊது, பிரஷ் போடு, மறுபடி ஊது. தூசி மிஞ்சினால் பசை தூசியைத்தான் பிடிக்கும். எடவப்பாதி மழையில் துளைக்குள் தண்ணீர் நின்றால், ஈரத்துளைக்கு ஒப்புதல் உள்ள பசையா என்று பார்க்காமல் ஊற்றவே கூடாது. டிரில் கம்பியில் இடித்தால் சாய்த்துத் துளைக்கிறதும் வேண்டாம், இடம் மாற்றுங்க.

கொழிஞ்சாம்பாறை, வடிவமைப்பு:
இன்னொன்று. நிலநடுக்கத்துக்கு நிறைந்த டேங்க், பாலக்காட்டுக் கணவாயின் ஆடிக் காற்றுக்குக் காலி டேங்க். இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு எது பெரிதோ அதற்குப் போல்ட் எடுங்கள்.