இன்டர்கூலர் அளவு: தடிமன் கூடுதலா, முகப்பு அகலமா?

கேள்வி:
வண்டி 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல். ரீமேப் செய்து (என்ஜின் கணினியின் நிரலை மாற்றி) பூஸ்ட்டை, அதாவது டர்போ தள்ளும் கூடுதல் காற்றழுத்தத்தை, 1 பாருக்கு ஏற்றியிருக்கிறேன், சுமார் 170 குதிரைத்திறன் வரும். முதல் தடவை முழுதாக மிதித்தால் பறக்கிறது. அடுத்தடுத்து மிதித்தால் இழுவை செத்துப்போகிறது. ஓபிடி ஸ்கேனரில் (வண்டிக் கணினியின் அளவீடுகளைப் படிக்கும் கருவி) என்ஜினுக்குள் போகும் இன்டேக் காற்று 78 டிகிரி காட்டுகிறது, வெளியே 32தான். டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை மாற்ற இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று பழையதன் அதே நீள உயரம், 90 மி.மீ. தடிமன். இன்னொன்று 60 மி.மீ., ஆனால் முகப்பு (எதிர்காற்று படும் முன்பரப்பு) ஒன்றரை மடங்கு. எதை எடுக்கலாம்?

பதில் 1:
முதலில் ஹோஸ், கிளாம்ப் எல்லாவற்றையும் லீக் டெஸ்ட் செய்துவிடுங்கள். அப்புறம் பூஸ்ட் கேஜை டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் நடுவில் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். மேனிஃபோல்டில் (என்ஜினுக்குள் காற்று நுழையும் இடத்தில்) 1 பார் இருக்க, டர்போ எவ்வளவு தள்ளுகிறது?

கேட்டவர்:
லீக் இல்லை. டர்போ பக்கம் 1.2 பார்.

பதில் 1:
அப்படியென்றால் 0.2 பார், கிட்டத்தட்ட 3 பிஎஸ்ஐ, இன்டர்கூலரிலும் குழாயிலுமே தொலைகிறது. 0.1க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. கம்ப்ரசர் திறன் 70% என்று வைத்தால், 32 டிகிரி காற்று 1.2 பாருக்கு அழுந்தி வெளிவரும்போது 140 டிகிரியைத் தொடும். அது 78க்கு இறங்குகிறது. இறங்கக்கூடிய 108 டிகிரியில் 62தான் இறங்கியிருக்கிறது, அதாவது 57%. 70% கிடைத்தால் 64 டிகிரிக்கு வரும். காற்றின் அடர்த்தி கூடுவது 4% அளவுதான். ஆனால் சூட்டைப் பார்த்து ஈசியு (என்ஜின் கணினி) இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விடும் நேரத்தை, பின்னுக்கு இழுப்பது குறையும். நீங்கள் இழுவையில் உணர்வது பெரும்பாலும் அதைத்தான்.

பதில் 2:
பெரிய இன்டர்கூலர் போட்டால் லேக் (மிதித்தபின் இழுவை வரத் தாமதம்) வரும், யோசித்துக்கொள்ளுங்கள்.

பதில் 3:
அந்தப் பயம் கொஞ்சம் மிகை. 170 குதிரைக்கு அந்த அழுத்தத்தில் நொடிக்கு சுமார் 60 லிட்டர் காற்று ஓடுகிறது. உள்ளே 3 லிட்டர் இடம் கூடினால் நொடியில் இருபதில் ஒரு பங்கு. குறைந்த ஆர்பிஎம்மில் சற்றுக் கூடும், அவ்வளவுதான்.

90 மி.மீ. வேண்டாம். முன் அடுக்கைக் கடக்கும்போதே குளிர்காற்று சூடாகிவிடும், பின் அடுக்குக்கு மிச்சமிருப்பது வெந்த காற்று. ரேடியேட்டருக்கும் காற்று குறையும். நெரிசலில் ஊர்ந்தால் அந்தக் கனமான கோர் (காற்று குளிரும் நடுப்பகுதி) சூட்டைப் பிடித்துக்கொண்டு சீக்கிரம் விடாது. முகப்பு அகலமானதையே எடுங்கள். விற்பவர் சொல்லும் நீளத்தில் இரு பக்க டேங்கும் சேர்ந்திருக்கும். கோரை மட்டும் அளந்து கேளுங்கள். "400 குதிரைக்குத் தாங்கும்" என்றால், எவ்வளவு அழுத்த இழப்பில் என்றும் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

மாட்டும்போது பம்பர் திறப்புக்கும் கோருக்கும் இடையிலுள்ள சந்துகளை ஃபோம் வைத்து அடைத்துவிடுங்கள். சந்து கிடைத்தால் காற்று கோருக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போய்விடும்.

கேட்டவர்:
அளந்தேன். அகலமானது பம்பர் பீமில் 15 மி.மீ. இடிக்கிறது. பீமைக் கொஞ்சம் வெட்டலாமா?

பதில் 3:
வெட்டாதீர்கள், மோதலில் அடியை வாங்குவது அதுதான். அதே நீளத்தில் உயரம் குறைந்த கோர் தேடுங்கள். முகப்பு 1.3 மடங்கு கிடைத்தாலும் 60 மி.மீ. தடிமனில் உங்கள் பூஸ்ட்டுக்குப் போதும். மாட்டியபின் அதே இடத்தில் கேஜை வைத்து, டர்போ பக்கம் 1.1க்கு வந்ததா என்று பாருங்கள்.