இருமுன்பல்லியா, இருமுன்பல்லனவா?

அன்புள்ள குழுவினருக்கு,

சிட்னியில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புச் சுவருக்கு ஒரு சார்ட் தயாரிக்கிறேன். புதன்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கங்காரு, கோவாலா, வொம்பாட், போசம் எல்லாம் டைப்ரோடோடான்சியா என்ற ஒரே விலங்கியல் வரிசை (order). கீழ்த்தாடையில் முன்னோக்கி நீளும் இரண்டு பெரிய வெட்டுப்பற்கள்தான் அடையாளம். இந்த வரிசையைத் தமிழில் 'இருமுன்பல்லி' எனலாமா? கோவாலாவைக் கரடி என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். அதற்கு நெருங்கிய உறவு வொம்பாட் என்பது அவர்கள் மனதில் பதிய வேண்டும்.

---

ஐயா,

'பல்லி' என்று முடிந்தால் சுவரில் ஓடுகிற பல்லிதான் நினைவுக்கு வரும். 'இருமுன்பல்லன' என்று பலவின்பாலில் வைத்தால் அந்தக் குழப்பம் இல்லை. கங்காரு போன்ற பைவிலங்குகளைக் குறிக்கும் மார்சுபியலுக்குப் 'பைம்மா' போதும். யானையைக் கைம்மா என்ற மொழியல்லவா? அப்புறம் ஜோயி, அதாவது பைவிலங்கின் குட்டி. கங்காருக் குட்டி பிறக்கும்போது ஒரு கிராம்கூட இருக்காது. தாயின் மயிரைப் பற்றித் தவழ்ந்தே பைக்குள் போகிறது. பார்ப்பும் பிள்ளையும் தவழ்பவற்றுக்கும் உரியவை என்கிறது தொல்காப்பிய மரபியல். ஆகவே 'பைப்பிள்ளை' என்றே போடுங்கள்.

---

பைம்மாவைப் பசுமை + மா என்று பிரித்தால் பச்சை மாமரம் ஆகிவிடும். பையே இல்லாத நும்பாட் என்ற ஆஸ்திரேலிய விலங்கும் மார்சுபியல்தான்.

எனக்குப் பெரிய சிக்கலாகப் படுவது பாண்டிகூட். அந்தச் சொல்லே தெலுங்குப் பந்திகொக்கு, அதாவது பன்றியெலி, நம் பெருச்சாளி. ஆங்கிலம் வழியாக ஆஸ்திரேலியா போய் ஒரு பைவிலங்கின் பெயராகிவிட்டது. திரும்பப் 'பெருச்சாளி' என்று எழுதினால் கொறிவிலங்கோடு சேர்த்துவிடுவோம். பாண்டிகூட்டுக்குப் பின்காலில் இரண்டாம், மூன்றாம் விரல்கள் ஒட்டியிருக்கும், கங்காருவைப் போல. கீழ்த்தாடையிலோ டாஸ்மேனியப் பேய் என்ற பைவிலங்கைப் போலப் பல சிறு வெட்டுப்பற்கள். பல்லைப் பார்த்தால் ஒரு உறவு, விரலைப் பார்த்தால் இன்னொன்று. ஆய்வாளர்களே நெடுங்காலம் தடுமாறிய இடம் இது. பல்லை மட்டும் நம்பிப் பெயர் வைக்காதீர்கள். அந்த வரிசை விலங்குகளை ஆங்கிலத்தில் உள்ளபடி டைப்ரோடோடான்ட் என்றே எழுதுங்கள். திங்கட்கிழமை அந்தப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கப்போவது அதைத்தான்.

---

அனைவருக்கும் நன்றி. நான்கு பேர் 'இருமுன்பல்லன' என்கிறீர்கள். சரி, அதையே போட்டு, கீழே டைப்ரோடோடான்சியாவையும் தமிழ் எழுத்தில் தருகிறேன். வரிசைக்கு உரிய அடையாளம் அந்தப் பல்தான். ஒட்டிய விரலைத் தனிப்படமாக வரைந்துவிட்டேன். பாண்டிகூட் பாண்டிகூட்டாகவே இருக்கும்.

---

'இருமுன்பல்லனவற்றின் வால்' என்று எந்தப் பிள்ளை சொல்லும்? நான் உடன்படவில்லை.