புதுப்பிப்பு: மிரண்டு ஓடிய புள்ளிமான் மறுபடி வந்தது

சாயல்குடிப் பக்கம் சீமைக்கருவேலங்காட்டு ஊருணியில் படம் எடுக்கப் போய், சுள்ளியை மிதித்து ஒரு கொம்புமானை விரட்டிவிட்டேன், இனி வருமா என்று கேட்டிருந்தேனே, வந்துவிட்டது. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. (வேட்டையா என்று கேட்டவருக்கு: 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, என் கையில் கேமராதான்.)

முதலில் ஐந்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம் பலித்தது, காற்றைப் பார்க்கச் சொன்ன அண்ணனின் யோசனைதான். நான் சாயங்காலம் கடற்கரைப் பக்கமிருந்து போய்க்கொண்டிருந்தேன், அந்த நேரத்தில் கடல்காற்று முதுகில் அடிக்கும், என் வாடை எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும், சுள்ளிச் சத்தம் சும்மா ஒரு சாக்கு. இந்தமுறை அதே பாதையில் விடியலுக்கு முன்பே போனேன், நிலக்காற்று எதிரே வந்தது. பனைக்குப் பின்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். ஆறரைக்கு முதலில் இரண்டு பெண்மான்கள், கடைசியாக அது.

யோசனையில் வந்த இன்னொன்று, பச்சைச் சட்டை: போட்டுப் போனதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

எதிர்பாராதது: என்னைக் காட்டிக்கொடுத்தது ஆட்காட்டிக் குருவி. அது கத்தியதும் மான் முன்காலைத் தரையில் தட்டி நின்றது, நான் மூச்சுகூட விடவில்லை, கொஞ்ச நேரத்தில் குனிந்து குடித்தது. நான்கு படம் தேறியது.