புதுப்பிப்பு: பொமரேனியன் குட்டியும் இரவுக் கூண்டும்

எட்டு வாரப் பொமரேனியன் நாய்க்குட்டி இரவில் கூண்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கிறது, என்ன செய்வது என்று இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதியவர்களுக்கு நன்றி. நிலைமை இப்போது பரவாயில்லை.

பலன் தந்தது கூண்டைச் சுருக்கியதுதான். ஒரு மூலையை ஈரமாக்கிவிட்டு மறுமூலையில் தூங்க இடமிருந்தால் குட்டி ஏன் அடக்கப்போகிறது? நடுவே பலகை வைத்து, நின்று திரும்பிப் படுக்கும் அளவுக்கு மட்டும் இடம் விட்டேன்.

"அழட்டும், பழகிவிடும்" என்ற யோசனையை மட்டும் நான் ஏற்கவில்லை. இந்த வயதில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் குட்டியால் அடக்க முடியாது. சிறிய இனத்துக்குச் சிறுநீர்ப்பையும் சிறியது. அலாரம் வைத்து எழுந்து, தூக்கிக்கொண்டே வெளியே போகிறேன். நடக்கவிட்டால் வாசற்படியிலேயே காரியம் முடிந்துவிடும்!

பெரிய தொல்லை மழைதான். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் இங்கே புல் காய்வதே இல்லை. ஈரத்தில் பாதம் பட்டதும் குட்டி அதைத் தூக்கி உதறிவிட்டு, என்னை ஒரு முறை முறைக்கும். ஆகவே தாழ்வாரத்தில் சாக்கு விரித்துப் பழக்குகிறேன். முடித்த கையோடு, அங்கேயே, அவித்த கோழியில் ஒரு துணுக்கு. உள்ளே வந்தபின் கொடுத்தால் எதற்கென்று அதற்குப் புரியாது.

தரையைத் துடைக்க அமோனியா கலந்த திரவம் வேண்டாம். அந்த வாடை சிறுநீரை நினைவூட்டி, குட்டியை அதே இடத்துக்கு இழுக்கும். பார்வோ என்ற கொடிய வைரஸ் நோய்க்கான தடுப்பூசிகள் முடியும்வரை தெருப்பக்கம் கொண்டுபோகப்போவதில்லை.