எந்தக் கணபதிப்பிள்ளை? எக்செலில் பெயர்கள் குழம்பிப் போச்சு, ஆராவது உதவுங்கோ

உப்புவெளிக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். முதுகலைக்கு ஒரு மேற்கோள் பகுப்பாய்வு செய்யிறன். திருகோணமலை வரலாறு, கோயில், இலக்கியம் பற்றித் தமிழில வந்த கட்டுரையளின்ர உசாத்துணைப் பட்டியலை எல்லாம் அடிச்செடுத்து, ஆரை ஆர் கூட எடுத்தாளுகினம் எண்டு பாக்கிறதுதான் வேலை. கோயில் மலர், பழைய சஞ்சிகை எண்டபடியால் கூகிள் ஸ்கொலரைத் தேடிப் பிரயோசனமில்லை. பாதி ‘நூலகம்’ எண்ட இணைய நூல் தளத்தில இறக்கின பிடிஎப், மிச்சம் போட்டோகொப்பி. ரெண்டு மாசம் இரவிரவா இருந்து ஆயிரத்துக்கு மேல நிரை அடிச்சன்.

போன கிழமை ஒரு யூடியூப் காணொளியைப் பாத்து, பெயர் நிரலை இடைவெளியில வெட்டி, கடைசித் துண்டைக் ‘குடும்பப் பெயர்’ எண்டு வைச்சு எண்ணினன். முதலிடம் கணபதிப்பிள்ளை! சந்தோஷமாக் கொண்டுபோய்க் காட்டினால், மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழட்டி மேசையில வைச்சிட்டு, “எந்தக் கணபதிப்பிள்ளை, பிள்ளை?” எண்டார். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளையும் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையும் என்ர கோப்பில ஒரே ஆள். முதலெழுத்து நிரல் குப்பை எண்டு நினைச்சு அழிச்சிட்டன். அதே கோப்பிலயே சேமிச்சும் போட்டன்.

திரும்ப அடிக்கிறதைத் தவிர வேற வழி இருக்கா? அடிக்குறிப்பில, முதல் சொன்ன நூலையே திரும்பக் காட்ட வாற ‘மேலது’, ‘மு.கு.நூல்’ (முன் குறிப்பிட்ட நூல்) எல்லாத்தையும் எப்பிடி எண்ணுறது? ஒவ்வொண்டும் ஒரு மேற்கோளா?

உவர்மலைப் பென்சன்காரர்:

பிள்ளை, அழாதையுங்கோ. முதலில அந்தக் கோப்பை ஆருக்காவது அனுப்பினீங்களா எண்டு வாட்ஸ்அப்பையும் மின்னஞ்சலையும் தேடுங்கோ. பழைய பிரதி எங்கயாவது கிடக்கும்.

எங்கட ஆக்களுக்குக் குடும்பப் பெயர் எண்டு ஒண்டு இல்லை. 1964 இல யூஜின் கார்ஃபீல்ட், எந்தக் கட்டுரையை ஆர் எடுத்தாண்டினம் எண்டு காட்டுற அறிவியல் மேற்கோள் சுட்டியைக் கொண்டுவந்த காலத்தில இருந்து உலகம் ‘கடைசிப் பெயர், முதலெழுத்து’ எண்டுதான் எண்ணுது. அவையளுக்கு அது சரி. நாங்கள் நூலகப் பட்டியலட்டை எழுதின காலத்திலயும் ‘கைலாசபதி, க.’ எண்டுதான் எழுதினது. பாக்க ஒண்டு மாதிரித்தான், ஆனால் எங்கட அட்டையில காற்புள்ளிக்கு முன்னால நிக்கிறது ஆளின்ர சொந்தப் பெயர், பின்னால நிக்கிறது தகப்பன். அந்தத் தகப்பனை எறிஞ்சால் பிள்ளை ஆரெண்டு தெரியாமல் போயிடும்.

எங்கட ஊரையே எடுங்கோ. 1895 இல ‘மோகனாங்கி’ நாவல் எழுதின தி. த. சரவணமுத்துப்பிள்ளை. தி எண்டது திருகோணமலை, த எண்டது தகப்பன் தம்பிமுத்துப்பிள்ளை. காணொளிக்காரன் சொன்னபடி விரிச்சால் திருகோணமலை அவரின்ர முதற்பெயராகிப் போகும்! தமையன் தி. த. கனகசுந்தரம்பிள்ளைக்கும் அதே ரெண்டு எழுத்து. அதால எழுத்தை மட்டும் வைச்சும் ஆளைப் பிடிக்கேலாது, பெயரை மட்டும் வைச்சும் பிடிக்கேலாது.

நான் எண்டால் மூண்டு நிரல் வைப்பன். முதல் நிரலில அச்சில கிடந்தது கிடந்தபடி, எழுத்துப்பிழையோட. அதில பிறகு கை வைக்கிறேல்லை. ரெண்டாவதில ஆளுக்கொரு இலக்கம். மூண்டாவதில நீங்கள் தீர்மானிச்ச பெயர், பிறந்த இறந்த ஆண்டோட: சி. கணபதிப்பிள்ளை 1899–1986, க. கணபதிப்பிள்ளை 1903–1968. எண்ணுறது எப்பவும் இலக்கத்தை வைச்சுத்தான். நூலகம் தளத்தில ‘ஆளுமை’ எண்டு பக்கங்கள் இருக்கு. தந்தை பெயர், ஊர், ஆண்டு அதில பாக்கலாம். முதலெழுத்தே போடாமல் வெறும் ‘கணபதிப்பிள்ளை’ எண்டு கிடந்தால், நூலின்ர பெயரை வைச்சுப் பாருங்கோ. அப்பவும் தெரியாட்டில் ‘தெரியாது’ எண்டே ஒரு இலக்கம் குடுங்கோ.

மேலது: ஒரு கட்டுரை ஒரு நூலைப் பத்துத் தரம் மேலது, மேலது எண்டு போட்டாலும் ஒண்டுதான். எத்தனை தரம் எண்டது வேணுமெண்டால் அதுக்கு வேற நிரல். கலந்தால், அடிக்குறிப்புக் கூடப் போடுற ஒராளே உங்கட முடிவை எழுதிப்போடுவார்.

சீனக்குடாப் பெடியன்:

அக்கா, ஐயா சொன்னதோட கொஞ்சம் கொம்பியூட்டர்க் கதை. ஓப்பன்ரிஃபைன் எண்டு தரவைத் துப்புரவாக்கிற மென்பொருள் இருக்கு, இலவசம், அதில ‘கிளஸ்டர்’ எண்டு ஒண்டு இருக்கு. புள்ளி, காற்புள்ளியை எடுத்திட்டு, சொல்லுகளை அடுக்கிப் பாக்கும். ‘கணபதிப்பிள்ளை, சி.’யும் ‘சி. கணபதிப்பிள்ளை’யும் ஒண்டெண்டு காட்டும், க.வைத் தனியாத்தான் விடும். ஆனால் இடைவெளி இல்லாமல் ‘சி.கணபதிப்பிள்ளை’ எண்டு அடிச்சிருந்தால் புள்ளி போனதும் ‘சிகணபதிப்பிள்ளை’ எண்டு ஒட்டி, வேற ஆளாகிடும். அதால முதலில புள்ளிக்குப் பிறகு இடைவெளி போடுங்கோ. அது காட்டுற எல்லாத்தையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கவும் வேண்டாம்.

இன்னொண்டு, நான் ஒரு பின்னேரம் முழுக்கத் தலையை உடைச்சது. ‘ஸ்ரீ’ யூனிகோட்டில ரெண்டு விதமா வரும். ஒண்டு ஸ வைச்சு, மற்றது ஶ வைச்சு. திரையில ஒரே மாதிரித்தான் தெரியும். ஒரு ஸ்ரீஸ்கந்தராசாவைத் தேடினால் மற்றவர் வரமாட்டார். ‘ஔ’வுக்குப் பதிலா ஒ-வும் ள-வும் அடிச்ச ஔவையாரும் அப்பிடித்தான். எண்ண முதல் ஒருமுறை எல்லாத்தையும் ஒரு விதமா மாத்துங்கோ. பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்ச கோப்பு இருந்தால் அதையும் யூனிகோட்டுக்கு மாத்திப்போட்டுத்தான் இதுக்குள்ள வாங்கோ.

சிஎஸ்வி கோப்பை இரட்டைக் கிளிக் பண்ணித் திறக்காதேங்கோ, தமிழ் கோழி கிளறின மாதிரி வரும். டேட்டாவுக்குள்ள போய் இறக்குமதி செய்து, 65001 எண்டு இருக்கிற யூடிஎப்-8ஐத் தெரிவு செய்யுங்கோ.

மட்டிக்களி ரீச்சர்:

ஒரு விஷயம் ஒருத்தரும் சொல்லேல்லை. பொம்பிளையள். கலியாணத்தோட என்ர தலையெழுத்து மாறினது, ரெண்டு அர்த்தத்திலயும். முதல் எழுதின ரெண்டு கட்டுரை அப்பாவின்ர எழுத்தில, பிறகு எழுதினது அவரின்ர எழுத்தில. ஒரு பட்டியலில நான் ரெண்டு பேராக் கிடக்கிறன், ஆளுக்கு அரைவாசி மேற்கோளோட. உயிரோட இருக்கிற ஆக்களுக்கு 2012 இல இருந்து ஓர்சிட் எண்ட ஆய்வாளர் அடையாள எண் இருக்கு, 16 இலக்கம், பெயர் எப்பிடி மாறினாலும் இலக்கம் மாறாது. நான் போன வருஷம்தான் எடுத்தன். உங்கட பட்டியலில இருக்கிற பழைய எழுத்தாளப் பொம்பிளையளுக்கு அது ஆர் எடுத்துக் குடுக்கிறது? அவையளை மட்டும் ஒவ்வொண்டாக் கையால பாருங்கோ. ஆம்பிளையளில பிழைச்சால் ரெண்டு பேர் ஒண்டாகினம், எங்களில பிழைச்சால் ஒராள் ரெண்டாகிறம்.

உப்புவெளிக்காரி:

எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்ன மாதிரித் தேடினன். வெட்ட முதல் நாள் சிநேகிதிக்கு வாட்ஸ்அப்பில அனுப்பின பிரதி கிடைச்சிட்டு! முதலெழுத்தெல்லாம் அப்பிடியே இருக்கு. அதை வாசிக்க மட்டும் எண்டு பூட்டி, திகதி போட்டு, பென் ட்ரைவிலயும் ஒண்டு வைச்சிருக்கிறன். ரீச்சர், உங்கட பதிலைப் பாத்திட்டுத் தேடினதில அப்பிடி மூண்டு பேர் இதுவரைக்கும்.

கணபதிப்பிள்ளை இப்ப ரெண்டு பேர். முதலிடம் ரெண்டு பேருக்கும் இல்லை. கோணேசர் கோயில் பற்றின பழைய நூல் ‘கோணேசர் கல்வெட்டு’த்தான் முன்னுக்கு வருது, அதிலயும் ஆசிரியர் பெயர் கவிராஜவரோதயர், கவிராசர், கவிராஜர் எண்டு நாலைஞ்சு விதம்.

ஒரேயொரு சிக்கல் மிச்சம். ஒரு கட்டுரையின்ர போட்டோகொப்பியில முதல் பக்கம் இல்லை. அடிக்குறிப்பு ‘மேலது, ப. 41’ எண்டுதான் தொடங்குது. மேல என்ன இருந்தது எண்டு தெரியாது.

உவர்மலைப் பென்சன்காரர்:

எந்த மலர், எந்த ஆண்டு எண்டு போடுங்கோ. அலுமாரியில கிடக்கும் எண்டு நினைக்கிறன், பின்னேரம் பாத்துச் சொல்லுறன்.