கூரை, பெயின்ற், முற்றம்: எது முதல்?

வெள்ளவத்தை வாசி:
எங்கட வீடு காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில ஒரு ஒழுங்கைக்குள்ள. அப்பா கட்டினது, அஸ்பெஸ்டாஸ் கூரை. ஐப்பசி மழையோட மேற்குச் சுவரில பெயின்ற் அப்பளம் மாதிரிப் பொங்கி நிக்குது. கூரைத்தண்ணி வடியிற பீலி ரெண்டு இடத்தில ஓட்டை. கேற் உப்புக்காத்துக்கு அடியில உக்கிப் போச்சு. மகளுக்குத் தையில கலியாணம். இவர் பெயின்ற் அடிக்கிற பாஸுக்கு முற்பணம் குடுக்கப் போறார். முற்றத்துக்கு இன்ரலொக் கல்லும் பதிக்கவேணும். எல்லாத்துக்கும் ஒரேயடியாக் காசில்லை. எதில தொடங்கிறது?

தெஹிவளை அண்ணை:
தங்கச்சி, அந்த முற்பணத்தை இப்ப குடுக்க விடாதேங்கோ. சுவருக்குள்ள தண்ணி நிக்குது, அதுதான் பொங்குது. நானும் பட்டனான். 2019இல பெயின்ற் அடிச்சு ஒரு மாதத்தால பீலி மாத்தினன். ஏணி சாத்தின தழும்பும் துருத்தண்ணி வழிஞ்ச கோடும் இண்டைக்கும் சுவரில இருக்கு. வீட்டுக்கு ஆர் வந்தாலும் மனுசி முதல் அதைத்தான் காட்டுறா.

மேலயிருந்து கீழ வாங்கோ. முதல் கூரைச் சீற் வெடிப்பு, பிறகு பீலி. பி.வி.சி. பீலியே போடுங்கோ, கடல்காத்துக்குத் தகரம் நிண்டுபிடிக்காது. சரிவு சரியா இருக்கவேணும். தண்ணி தேங்கினா நுளம்பு முட்டை போடும், டெங்குப் பரிசோதனைக்கு வாற ஆக்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்லவேணும். அஸ்பெஸ்டாஸில கிரைண்டர் வைக்க விடாதேங்கோ, தூசு நெஞ்சுக்குக் கூடாது.

பொங்கின பூச்சைக் கொத்திப் புதுசாப் பூசினா நாலு கிழமையாவது காயட்டும். பிறகு ஒரு பொலித்தீன் துண்டைச் சுவரில வைச்சு நாலு கரையும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கோ. உள்பக்கம் வியர்த்திருந்தா பெயின்ற் வாளியைத் திறக்காதேங்கோ.

கொட்டாஞ்சேனை மருமகள்:
அக்கா, இன்ரலொக் கடைசி. மணல் லொறி ஏறினா கல்லு தாழும். மழைத்தண்ணிப் பைப்பை முதலே புதையுங்கோ. கேற்றும் லொறி வேலை முடிஞ்சாப் பிறகுதான்.

வெள்ளவத்தை வாசி:
அப்ப கலியாணத்துக்கு என்ன செய்யிறது?

தெஹிவளை அண்ணை:
முன்சுவர் காய்ஞ்சிருந்தா அதை மட்டும் மார்கழிக் கடைசியில அடியுங்கோ. மேற்குச் சுவரைப் பந்தல் துணி மறைக்கும். மிச்சம் மாசியில.

வெள்ளவத்தை வாசி:
இவர் இப்பதான் ஏணியில ஏறிப் பார்த்தவர். பீலிக்குள்ள ஒரு அரசங்கண்டு முளைச்சிருக்கு. இழுத்தா வருதில்லையாம்.